எல்லாமே தடயமாகத் தெரியும் அறை

அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் ரீட் பெர்கோவிட்ஸ், தான் அமைத்த ஓர் ஆட்டத்தில் நடந்ததை 2020இல் எழுதினார். ஆட்டக்காரர்கள் ஒரு நிலவறைக்குள் இறங்கித் தடயம் தேட வேண்டும். அதைப் பெரிதாக ஒளித்துவைக்கவும் இல்லை. கொஞ்சம் கண்ணை ஓட்டினாலே கிடைத்துவிடும். ஆனால் தரையில் சில மரத்துண்டுகள் சிதறிக் கிடந்தன. அவற்றில் மூன்று தற்செயலாக அம்புக்குறி போலச் சேர்ந்து, எதிரே இருந்த வெற்றுச் சுவரைக் காட்டின. வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சுவரில் ஒன்றும் இல்லை என்றதும், அப்படியானால் சுவருக்குள்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். பக்கத்தில் சில கருவிகள் வேறு கிடந்தன. சுவரைப் பெயர்க்கத்தானே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்! எல்லாம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது, வடிவமைப்பாளரே திகைத்துப்போகும் அளவுக்கு.

எஸ்கேப் ரூம் என்பது புதிர்களை அவிழ்த்து, குறித்த நேரத்துக்குள் ஓர் அறையிலிருந்து வெளியேறும் விளையாட்டு. சதிக்கதையை மையமாக வைத்த அறைக்கு நண்பர்களோடு கிளம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வெற்றுச் சுவரைப் பற்றித்தான். தொடர்பில்லாதவற்றுக்கு இடையே தொடர்பு காணும் மனப்போக்கை ஜெர்மன் மனநல மருத்துவர் கிளவுஸ் கொன்ராட் 1958இல் விவரித்து, அபோஃபீனியா என்று பெயரிட்டார். கடற்கொள்ளையர் அறையிலோ வங்கிக் கொள்ளை அறையிலோ இது அவ்வளவாகத் தலைகாட்டாது. அங்கே பெட்டி, சாவி, பணம் என்று கதை நேர்க்கோட்டில் போகும். சதி அறையிலோ கதையே ஆட்டக்காரரின் காதில் வந்து ஓதுகிறது: எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் உண்டு, எதையும் நம்பாதே. அதைக் கேட்டபிறகு சுவர்க்கடிகாரம் ஐந்து நிமிடம் தாமதமாக ஓடுவதுகூட யாரோ செய்த வேலையாகத்தான் தெரியும். பேட்டரி தீர்ந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது.

இந்த அத்தியாயம் பூட்டுகளைத் திறக்கும் வழிகளோடு, திறக்க வேண்டாத சுவர்களை விட்டு நகரும் வழியையும் சொல்கிறது.

சின்ன வரலாறு

தோஷிமிட்சு தகாகி என்ற ஜப்பானியர் 2004இல் ‘கிரிம்சன் ரூம்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டார். சிவப்பு அறை ஒன்றில் அடைபட்டவர், திரையில் ஒவ்வொரு பொருளாகச் சொடுக்கி வெளியே வர வேண்டும். இந்த வகை விளையாட்டை நிஜ அறைக்கு இழுத்துவந்தவர் தகாவோ காட்டோ. கியோட்டோவில் அவருடைய ஸ்கிராப் நிறுவனம் 2007இல் இதைத் தொடங்கியது. 2011இல் புடாபெஸ்டில் பாராபார்க் வந்தது. பிறகு லண்டன், சான் பிரான்சிஸ்கோ என்று பரவி, இன்று சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் வார இறுதிப் பொழுதுபோக்காகிவிட்டது.

பேராசிரியர் ஸ்காட் நிக்கல்சன் 2015இல் பல நாடுகளைச் சேர்ந்த 175 நிலையங்களிடம் விவரம் திரட்டினார். குழுவுக்குச் சராசரியாக நாலரைப் பேர், பெரும்பாலும் ஒரு மணி நேரம், வெற்றி பெற்றோர் ஏறக்குறைய 41 விழுக்காடு. ஆக, தோற்றுவிட்டு வெளியே வருவது வழக்கமான ஒன்று. ‘நம்ம எல்லாரும் இன்ஜினியர்டா’ என்ற துணிச்சலோடு போகும் குழுவுக்கு இந்த எண்ணை முன்கூட்டியே காட்டிவிடலாம்.

எந்தச் சதி?

சதி அறைகளின் கதைகள் சில கிணறுகளிலிருந்தே இறைக்கப்படுகின்றன. நெவாடா பாலைவனத்து ஏரியா 51, அவற்றில் வற்றாத ஒன்று. 1955இல் யு-2 உளவு விமானத்தைச் சோதிக்க அமெரிக்கா தேர்ந்த இடம் அது. அப்படி ஓர் இடம் இருப்பதை சிஐஏ தன் ஆவணங்கள் வழியே வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2013 வரை ஆனது. அத்தனை ஆண்டு மௌனத்தில்தான் வேற்றுக்கிரகவாசிகள் குடியேறினார்கள். 1947இல் ரோஸ்வெல்லில் விழுந்த ‘பறக்கும் தட்டு’, சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க அனுப்பிய மோகல் திட்டத்துப் பலூன்தான் என்று அமெரிக்க விமானப்படை 1994இல் அறிக்கை தந்தது. நம்பியவர்கள் நம்பிக்கொண்டே இருக்கிறார்கள். எஸ்கேப் ரூம் நடத்துபவர்களுக்கு அதில் நஷ்டமில்லை.

கென்னடி கொலை, சுவர் நிறையப் புகைப்படமும் சிவப்பு நூலும் மாட்ட வாகான கதை. மனத்தைக் கட்டுப்படுத்தும் ஆய்வுக்கூடம் என்று வரும் அறைகளுக்கு மூலம் எம்கே அல்ட்ரா. இது கட்டுக்கதை கிடையாது. 1953இல் சிஐஏ தொடங்கிய இந்தத் திட்டத்தில், விவரம் தெரியாதவர்களுக்கும் எல்எஸ்டி கொடுத்துப் பார்த்தார்கள். கோப்புகளில் பெரும்பகுதி 1973இல் மேலிடத்து உத்தரவால் அழிக்கப்பட, 1975இல் செனட் விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. நடந்ததும் நடக்காததும் ஒரே அலமாரியில் இருப்பதால்தான் இந்த வகைக்கு இவ்வளவு ருசி.

பிறகு இலுமினாட்டி. தமிழ் யூடியூபுக்கும் மீம்களுக்கும் நன்றாகப் பழகிய பெயர். பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆடம் வைஸ்ஹாப்ட் 1776 மே 1 அன்று தொடங்கிய சங்கம் அது. 1784, 1785 ஆண்டுகளில் அரசு ஆணை போட்டுத் தடைசெய்ததோடு அதன் கதை முடிந்தது. அமெரிக்க ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் உச்சியில் கண்ணுள்ள பிரமிடின் அடியில் ரோமன் எண்ணில் இருப்பதும் அதே 1776. அது அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் ஆண்டு. அறைக்குள் இந்த ஒற்றுமை ஒரு நான்கிலக்கப் பூட்டைத் திறக்கக்கூடும். வெளியே அது தற்செயல்.

டிக்கெட் எடுக்கும் முன் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: கதையில் வில்லன் யார்? ரகசிய ஆய்வுக்கூடம், கற்பனை நிறுவனம், முகமூடி அணிந்த சங்கம் என்றால் ஆடிவிட்டு வரலாம். நிஜமான ஒரு சமூகத்தையோ மதத்தையோ சதிகாரராகக் காட்டும் கதைக்குப் பணம் தரத் தேவையில்லை. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொன்ன ‘சியோன் மூத்தோரின் நெறிமுறைகள்’ 1903இல் ரஷ்யாவில் அச்சேறியது. 1921இல் லண்டன் ‘தி டைம்ஸ்’ அதைப் போலி என்று வரிக்கு வரி நிறுவியது. அதற்குப் பிறகும் அந்தப் போலியைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்களைக் கொன்றார்கள். அந்தச் சரக்கு விளையாட்டுச் சாமானாகாது.

இந்தக் கதைகளையெல்லாம் படித்துவிட்டுப் போக வேண்டுமா? வேண்டாம். நன்றாக அமைத்த அறையில் தேவையான அத்தனை தகவலும் அறைக்குள்ளேயே இருக்கும். கென்னடி பற்றி நாற்பது வீடியோ பார்த்த நண்பர்தான் உண்மையில் ஆபத்தானவர். சுவரில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த இரண்டாவது துப்பாக்கிக்காரரைத் தேட ஆரம்பித்துவிடுவார். வெளியுலக அறிவில் பயன்படுவது சின்னச் சின்ன வழக்கங்கள் மட்டும். கதை அமெரிக்காவில் நடந்தால் தேதியும் அமெரிக்க முறையில் இருக்கும்: மாதம் முதலில், நாள் பிறகு. கென்னடி சுடப்பட்ட நவம்பர் 22, நம் கையில் 2211 ஆகும். பூட்டோ 1122க்குத் திறக்கும். சரியான விடையை வைத்துக்கொண்டு தவறான வரிசையில் திருகி, பூட்டையே சந்தேகிக்கும் குழுக்கள் உண்டு.

யாரோடு?

நான்கு அல்லது ஐந்து பேர் வசதி. எட்டுப் பேரை அனுமதிக்கும் அறையிலும் மூன்று பேர் வேலை செய்ய ஐந்து பேர் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதே நடக்கும். முன்பதிவின்போது, அறை தங்கள் குழுவுக்கு மட்டுமா, வேறு ஆட்களும் சேர்வார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வெவ்வேறு விதமாக யோசிப்பவர்கள் கலந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். மேசைக்கு அடியில் கைவிட்டுத் துழாவத் தயங்காத ஒருவர், நீளமான கடிதத்தைப் பொறுமையாகப் படிக்கும் ஒருவர், எண் என்றால் கண் விரியும் ஒருவர். பன்னிரண்டு வயதுத் தங்கையை ‘இங்லிஷ்ல இருக்கும், உனக்குப் புரியாது’ என்று விட்டுவிட்டுப் போகும் அண்ணன்கள் பின்னால் வருந்துவார்கள். பெரியவர்கள் கதையில் மூழ்கிக் கிடக்கும்போது, நாற்காலிக்காலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் குழந்தையின் கண்ணில்தான் படும். அதன் கண்மட்டம் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்க் குழுக்களுக்கு உரிய ஒரு தொல்லை, மரியாதை. அலுவலகக் குழுவாகப் போகும்போது மேனேஜர் ஒரு யோசனை சொல்வார். தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘சார் சொல்ற மாதிரியே பாத்துரலாமே’ என்ற ஒரு வாக்கியத்தில் பத்து நிமிடம் கரைந்துவிடும். உள்ளே நுழையும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்: எந்த யோசனைக்கும் இரண்டு முயற்சி, பலிக்காவிட்டால் சொன்னவரே அதைக் கைவிட வேண்டும். பதவி, வயது பார்க்காத இந்த விதியை மேனேஜரே முன்மொழிந்துவிட்டால் இன்னும் நல்லது.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை

2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரத்தில், பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள். வரவேற்பு அறையில் இருந்த வெப்பமூட்டியின் சிலிண்டரிலிருந்து வாயு கசிந்து தீப்பிடித்தது. வெளியேறும் வழியைத் தீ மறித்தது; உள்ளே இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை. அதன்பின் போலந்து முழுவதும் இத்தகைய இடங்களைச் சோதித்து, பலவற்றை மூடினார்கள்.

எனவே ஆட்டம் தொடங்கும் முன், அதை நடத்தும் கேம் மாஸ்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘நடுவில் வெளியே போகணும்னா எப்படி?’ நல்ல நிலையத்தில் பதில் தயாராக இருக்கும். கதவு பூட்டப்படுவதே இல்லை, அல்லது பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் திறக்கும், அல்லது மின்காந்தப் பூட்டு, கரண்ட் போனாலே விட்டுவிடும். பதில் சொல்லத் தடுமாறினால், அல்லது ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்று சிரித்தால், கட்டிய பணம் போனாலும் திரும்பிவிடலாம். கைவிலங்கு மாட்டித் தொடங்கும் அறை என்றால், சாவி இல்லாமலே விடுவிக்கும் நெம்பு எங்கே என்று காட்டச் சொல்ல வேண்டும். மூச்சுத்திணறல், மூடிய இடத்துப் பயம், வலிப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவதில் வெட்கமில்லை; விட்டுவிட்டு எரியும் விளக்கும் புகையும் இந்த வகை அறைகளில் அடிக்கடி வரும்.

முதல் பத்து நிமிடம்

கதவு மூடியதும் எல்லோரும் பெரிய பெட்டியை நோக்கி ஓடுவார்கள். அதற்குச் சாவி இப்போது கிடைக்காது. முதல் வேலை தேடுவது. நிக்கல்சனின் கணக்கெடுப்பிலும் அறைகளில் அதிகம் காணப்பட்ட புதிர்வகை, ஒளித்துவைத்த பொருளைத் தேடுவதுதான். சுவருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, இழுப்பறைக்குள், இழுப்பறையின் அடிப்பக்கத்தில், புத்தகத்தின் நடுவில், கோட்டுப் பைக்குள், படத்தின் முதுகில் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்த இடத்தை ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர் பார்க்கலாம். முதலாமவர் விட்டதை இரண்டாமவர் எடுப்பது அடிக்கடி நடக்கிறது.

கிடைப்பதை உடனே உரக்கச் சொல்ல வேண்டும். ‘மச்சி, முக்கோணம் போட்ட சாவி ஒண்ணு!’ என்று ஒரு மூலையில் கத்தினால், ‘டேய், இங்க முக்கோணம் போட்ட பெட்டி இருக்குடா!’ என்று மறுமூலையிலிருந்து பதில் வரும். பேசாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர் குழுவின் எதிரி. கிடைத்த எல்லாம் ஒரு மேசைக்கு வர வேண்டும். அதே மேசையில் ஒரு மூலையை வேலை முடிந்த பொருள்களுக்கு ஒதுக்க வேண்டும். ஒரு சாவி பொதுவாக ஒரு பூட்டோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும். திறந்த பூட்டிலேயே அதை விட்டுவைத்தால் குழப்பமே இல்லை.

தொடக் கூடாதவற்றுக்கும் இலக்கணம் உண்டு. மின்சாரப் பிளக், தலைக்கு மேலே கூரை, ‘தொடாதீர்கள்’ ஸ்டிக்கர் ஒட்டியவை எல்லாம் ஆட்டத்தில் சேராது. எதுவும் இரண்டு விரல் பலத்துக்கு மேல் கேட்டால், அதை இன்னும் திறக்க வேண்டியதில்லை என்று பொருள். சதி அறையில் இது கூடுதலாக முக்கியம். கேமராவைக் கழற்றிப் பார்ப்பதும், தீயணைப்புக் கருவியின் அடியில் எண் தேடுவதும் இங்கேதான் நடக்கிறது. கேமரா கேம் மாஸ்டருடையது. அவர் கதையின் வில்லன் இல்லை.

புற ஊதா டார்ச் கையில் கிடைத்தால் சுவர் முழுக்க அடித்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் சலவைத்தூளில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் இருப்பதால் வெள்ளைச் சட்டையும் வேட்டியும்கூட அந்த ஒளியில் நீலமாக மின்னும். நண்பனின் காலரில் ஒளிரும் கறை செய்தியாக இருக்க வாய்ப்பில்லை. எழுத்தாகவோ எண்ணாகவோ அம்பாகவோ படிக்க முடிந்தால் மட்டும் அது தடயம்.

ரகசிய எழுத்து

சதி அறை என்றால் சங்கேத எழுத்து வராமல் இருக்காது. அதிகம் வருபவை சில. சீசர் முறையில் ஒவ்வோர் எழுத்தும் குறிப்பிட்ட இடம் தள்ளிப்போகும். ஏ என்பது டி ஆகும். மோர்ஸ் ஒலியாகவோ விளக்குச் சிமிட்டலாகவோ வரும். ரகசியச் சங்கக் கதைகளில் நிச்சயம் தலைகாட்டுவது, ஃப்ரீமேசன்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பயன்படுத்திய பன்றிப்பட்டி முறை. கோடும் மூலையும் புள்ளியுமாக, வேற்றுக்கிரக எழுத்துபோல இருக்கும். பார்த்தவுடன் மிரள வேண்டியதில்லை. எக்ஸ்-ஓ விளையாட்டுபோல ஒன்பது கட்டங்கள், ஒரு பெருக்கல் குறி. அதே இரண்டும் மறுபடி, இம்முறை புள்ளி வைத்து. ஒன்பதும் நாலும், ஒன்பதும் நாலும் சேர்த்தால் ஆங்கில எழுத்து 26. எந்த எழுத்தைச் சுற்றி எந்தக் கோடு இருக்கிறதோ, அந்தக் கோடுதான் அதற்குக் குறி. இதற்கான விளக்கப்படம் அறையில் எங்காவது இருக்கும். மோதிரத்திலோ, மேசைவிரிப்பின் தையலிலோ.

சங்கேத எழுத்தை நம்பி நிஜமாகச் சதி செய்தவர்களின் கதை இங்கே உதவும். ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் சிறையிருந்தபோது, அந்தோனி பாபிங்டன் என்ற இளைஞரின் கூட்டம் அவரை விடுவித்து முதலாம் எலிசபெத்தைக் கொல்லத் திட்டமிட்டது. ஆண்டு 1586. பீர் பீப்பாயின் தக்கைக்குள் ஒளித்துக் கடிதங்கள் போய்வந்தன. எழுத்துகளுக்கு 23 குறிகள், சொற்களுக்கு 35 குறிகள். இவை போதாதென்று, எந்தப் பொருளும் இல்லாத நான்கு குறிகளையும் ஊடே தூவினார்கள், படிப்பவரைக் குழப்பவென்றே. தூது போன இரட்டை உளவாளி ஒவ்வொரு கடிதத்தையும் எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கமிடம் காட்டினார். தாமஸ் ஃபெலிப்ஸ் என்ற வல்லுநர், எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணியெண்ணி உடைத்தார். கூடவே மேரியின் கடிதத்தின் கீழே, கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டு ஒரு பின்குறிப்பையும் அதே சங்கேதத்தில் சேர்த்துவிட்டார். 1587 பிப்ரவரியில் மேரியின் தலை போனது.

அறைக்குள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. பொருளற்ற குறி என்ற தந்திரம் பழையது. இன்றைய அறைகளிலும் அது திசைதிருப்பும் பொருளாக உலாவுகிறது. ஒரு குறி விளக்கப்படத்தில் இல்லையென்றால் அதைத் தாண்டிப் போகலாம். இன்னொன்று, எண்ணுவது. எந்த வகைச் சங்கேதம் என்றே தெரியாதபோது, எத்தனை குறிகள் என்று எண்ணினால் போதும். நான்கு குறி என்றால் நான்கிலக்கப் பூட்டு. ஆறு குறி என்றால் ஆறெழுத்துப் பூட்டு. புதிரை அவிழ்க்கும் முன்பே அது எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

நான்கிலக்கப் பூட்டில் பத்தாயிரம் சேர்க்கைகள் உண்டு. குருட்டாம்போக்கில் திருகிப் பயனில்லை. மூன்று இலக்கம் கிடைத்து ஒன்று மட்டும் தெரியவில்லை என்றால் மீதி பத்தே முயற்சி. அதைச் செய்துவிடலாம். இதை ஏமாற்றுவேலை என்று நினைக்கும் நண்பர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. கடிகாரம் ஓடும்போது அவர்களோடு வாதிட நேரமில்லை.

ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் விளக்கிச் சொல்வது குழுவுக்கு நல்லதுதான். ஆனால் முதலில் அப்படியே ஒருமுறை வாசித்துவிட வேண்டும். எழுத்தை மாற்றிப்போடும் புதிர், முதல் எழுத்துகளைச் சேர்க்கும் புதிர் எல்லாம் மூலச்சொல்லில்தான் ஒளிந்திருக்கும். ‘ஏதோ வானத்தைப் பாக்கச் சொல்றான்டா’ என்று சுருக்கினால் போயிற்று.

இரண்டாவது டேப்

சரி, எது தடயம், எது மரத்துண்டு? இதற்கு நல்ல வழிகாட்டி ஒரு காவலாளி. 1972 ஜூன் 17, நள்ளிரவு தாண்டிய நேரம். வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் சுற்றிவந்த ஃபிராங்க் வில்ஸுக்கு அப்போது வயது 24. கீழ்த்தளக் கதவொன்று பூட்டிக்கொள்ளாதபடி அதன் தாழில் டேப் ஒட்டியிருந்தது. வேலையாட்கள் யாராவது ஒட்டியிருப்பார்கள் என்று உரித்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அதே இடத்தில் புது டேப். இம்முறை போலீசைக் கூப்பிட்டார். ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதன் விளைவாக இரண்டு ஆண்டு கழித்து அதிபர் நிக்சன் பதவி விலகினார்.

முதல் டேப்பைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. இரண்டாவதை உதாசீனப்படுத்தவும் இல்லை. அறைக்குள் இதையே செய்யலாம். ஒரு கடிகாரம் 4.10 காட்டினால் அது வெறும் கடிகாரம். அதே 4.10 ஒரு புகைப்படத்திலோ ரயில் சீட்டிலோ மறுபடி வந்தால் அதை விடக் கூடாது. சிவப்பு முக்கோணம் ஓரிடத்தில் இருந்தால் அலங்காரம். இரண்டாம் இடத்திலும் இருந்தால், வடிவமைப்பாளர் கையைப் பிடித்து இழுக்கிறார் என்று பொருள். நல்ல வடிவமைப்பாளர்கள் தொடர்புகளை நிறத்தால், குறியால், எழுத்துருவால் மறுபடி மறுபடி காட்டுவார்கள். ஆட்டக்காரர் அவிழ்க்க வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. நிஜச் சதிகாரர்களுக்கு அந்த ஆசை இருக்காது.

சிவப்பு நூல் கட்டிய பலகையையும் இப்படித்தான் அணுக வேண்டும். யாரைக் கொன்றது யார் என்று படித்துக் கதை கட்டுவதைவிட, நூல்கள் எங்கே வெட்டிக்கொள்கின்றன, தள்ளி நின்று பார்த்தால் எண் ஏதாவது உருவாகிறதா, எந்த ஊசியின் நிறம் மட்டும் வேறு என்று பார்ப்பது விரைவில் பலன் தரும்.

ஒரு யோசனையைச் சோதிக்கும் கேள்வி இதுதான்: இது சரியென்றால் எந்தப் பூட்டு திறக்கும்? பதில் இல்லையென்றால் அது எவ்வளவு அழகான கோட்பாடாக இருந்தாலும் அப்போதைக்கு ஓரம்.

ஹின்ட் கேட்பது

கேட்கலாம். பெரும்பாலான நிலையங்களில் இரண்டு மூன்று ஹின்ட் டிக்கெட்டோடு சேர்ந்தே வருகிறது. கௌரவம் பார்த்து ஐம்பதாவது நிமிடத்தில் கேட்கும் ஹின்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரே புதிரில் ஏழெட்டு நிமிடம் நகராமல் நின்றால் வாக்கி டாக்கியை எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் ஆளை மாற்றிப் பார்க்கலாம்: புதிரைப் பிடித்திருப்பவர் எதுவும் விளக்காமல் இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். விளக்கினால் தன் தவறையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுவார்.

‘ஒண்ணுமே புரியல’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘பிரமிடு படத்திலிருந்து 1776 எடுத்திருக்கோம், நாலு நம்பர் பூட்டு ரெண்டுலயும் போடலை’ என்றால் கேம் மாஸ்டருக்கு எங்கே தொய்வு என்று உடனே புரியும். ‘இது ஆட்டத்துல உண்டா, இல்லையா?’ என்ற கேள்விக்குப் பலர் ஹின்ட் கணக்கில் சேர்க்காமலே பதில் சொல்லிவிடுவார்கள். சுவரைப் பெயர்க்கும் எண்ணம் வந்தால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

வீட்டில் அமைத்தால்

இரண்டு மூன்று அறைகள் ஆடி முடித்த குழுவில் யாராவது ஒருவர், நாமே ஒன்று செய்தால் என்ன என்று கேட்பார். செய்யலாம். கதவைப் பூட்ட வேண்டாம். ஒரு டிரங்குப் பெட்டியைப் பூட்டினால் போதும். ஏரியா 51 எல்லாம் தேவையில்லை. தெருமுனை ஸ்வீட் ஸ்டாலின் அல்வாப் பக்குவம் எழுதிய நோட்டு காணாமல் போனது, அபார்ட்மென்ட் சங்கத்தில் ஒரு கும்பல் அதை ஒளித்துவைத்திருக்கிறது என்ற அளவில் சதி இருந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள்.

தமிழில் புதிருக்குப் பஞ்சமில்லை. தமிழ் எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அவையே நல்ல சங்கேதம். ௭, ௮ இரண்டும் எழுத்துபோலவே நிற்கும். கடிதத்தின் தலையில் இருக்கும் உ பிள்ளையார் சுழியா, இரண்டு என்ற எண்ணா என்று குழு அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கலாம். இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் கர்நாடக இசையின் கடபயாதி முறை இருக்கிறது. மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண். மேசகல்யாணியில் மே 5, ச 6; திருப்பினால் 65. மாயாமாளவகௌளை 15. இரண்டு பாட்டை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் 6515 என்ற பூட்டு தயார். ஆனால் சங்கீதம் தெரியாதவர்களும் ஆட வேண்டுமே. பாட்டின் ராகப் பெயரை கேசட் உறையில் எழுதிவைத்து, 72 மேளகர்த்தா அட்டவணையைப் பழைய காலண்டருக்குப் பின்னால் ஒட்டிவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் எழுதிய தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் எழுத்து பழுப்பாகத் தெரியும். சிறுவர்கள் இருந்தால் தேய்க்கும் வேலை பெரியவருடையது.

திசைதிருப்பும் பொருள்களைத் தனியாக வைக்க வேண்டியதே இல்லை. வீட்டில் இருக்கும் சாதாரணச் சாமான்களே அந்த வேலையைச் செய்துவிடும். மாறாக, ஆட்டத்தில் சேராத பொருள்களை முடிந்தவரை அறையிலிருந்து அகற்றுவதில்தான் அமைப்பவரின் உழைப்பு பெரும்பகுதி போகும். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய பால் கணக்கு, சுவிட்ச்போர்டு பக்கத்தில் பென்சிலால் எழுதிய போன் நம்பர், காலண்டரில் வட்டம் போட்ட கேஸ் புக்கிங் தேதி எல்லாம் நண்பர்கள் கையில் பெரும் சதியாக உருவெடுக்கும். கதையைக் கேட்காத ஒருவரை முதல்நாள் வரவழைத்து ஆடவிட்டு, பேசாமல் மூலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் எந்தச் சுவர் முன் நிற்கிறாரோ அங்கே இருப்பதை எடுத்துவிட வேண்டும். மறுநாள் ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் அல்வா இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கால் கிலோ ஐந்து பேருக்குப் பத்தாது.